நீலச் சட்டை, சாம்பல் சட்டை

ஒரகடம் பக்கத்துப் பள்ளிகளில் ஓவியப் போட்டி என்றால் தலைப்புக்குப் பஞ்சமே கிடையாது. மழைநீர் சேகரிப்பு, பிளாஸ்டிக் ஒழிப்பு, தலைக்கவசம் உயிர்க்கவசம், தூய்மை இந்தியா, வாக்களிப்பது நம் கடமை, புவி வெப்பமடைதல். ஏதாவது ஒரு துறையோ, வங்கியோ, கம்பெனியின் சிஎஸ்ஆர் பிரிவோ தாளும் க்ரேயானும் கொண்டுவந்து இறக்கிக்கொண்டே இருக்கும். பிள்ளைகளும் சளைத்தவர்கள் இல்லை. பூமிக்குக் கண்ணும் மூக்கும் வைத்து, தலையில் ஐஸ் பையைக் கட்டி, வாயில் தெர்மாமீட்டரைச் சொருகி, அரை மணி நேரத்தில் முடித்துக் கொடுத்துவிடுவார்கள். இதில் எதையும் யாரும் அரசியல் என்று சொன்னதில்லை. ஏழாம் வகுப்புப் பெண் ஒருத்தி தன் அப்பாவின் சட்டையை வரைந்த பிறகுதான், "டிராயிங் கிளாஸ்ல எதுக்கு சார் அரசியல்?" என்ற கேள்வி என் மேசைக்கு வந்தது.

நான் ஸ்ரீபெரும்புதூர் பக்கத்துக்காரன். சிறுவனாக இருந்தபோது வெளியூர்க்காரர்களுக்கு எங்கள் ஊர் ராமானுஜர் பிறந்த ஊர். 1991 மே 21-க்குப் பிறகு ராஜீவ் காந்தி கொல்லப்பட்ட ஊர். மூன்றாவதாக ஓர் அடையாளம் வரும் என்று அப்போது யாரும் நினைக்கவில்லை. 1996-இல் இருங்காட்டுக்கோட்டையில் ஹூண்டாய் அடிக்கல் நாட்டியது. 1998-இல் முதல் சான்ட்ரோ வெளியே வந்தது. 2006-இல் நோக்கியா செல்போன் செய்யத் தொடங்கியது. 2010-இல் ஒரகடத்தில் ரெனோ-நிஸான் ஆலை திறந்தது. அப்புறம் லாரி, புல்லட், டயர், பிரிட்ஜ், வாஷிங் மெஷின் என்று வரிசை கட்டி வந்தன. நெல்லும் வேர்க்கடலையும் போட்டுக்கொண்டிருந்த என் சித்தப்பாவின் நிலம் சிப்காட் எல்லைக்குள் போனது. வந்த பணத்தில் மாடி வீடு கட்டி, அறை அறையாகக் கம்பெனிப் பையன்களுக்கு வாடகைக்கு விட்டார். "நெல்லுக்கு வருஷத்துல ரெண்டு போகம். இதுக்கு மாசா மாசம் அறுப்பு" என்பார். அவர் சொன்னதில் பொய் இல்லை. ஏரிப் பாசனம் போச்சே என்று அதே வாயால் புலம்புவார். அதிலும் பொய் இல்லை. எங்கள் பகுதியைப் பற்றி எழுதுகிறவர்கள் பெரும்பாலும் இந்த இரண்டில் ஒன்றைத்தான் கேட்டுக்கொண்டு போகிறார்கள்.

வீட்டில் எல்லாரும் ஐடிஐ சேரச் சொன்னார்கள். நான் சென்னை அரசு கவின்கலைக் கல்லூரிக்குப் போனேன். அலெக்சாண்டர் ஹண்டர் என்ற மருத்துவர் 1850-இல் தொடங்கிய பள்ளி அது. மண்பாண்டம், உலோக வேலை, மரச் செதுக்கு என்று கைத்தொழிலைச் செம்மைப்படுத்துவதுதான் தொடக்கத்தில் அதன் வேலை. ஆல்ஃபிரட் சாட்டர்டன் என்ற ஆங்கிலப் பொறியாளர் 1898-இல் அங்கேதான் அலுமினியப் பாத்திரம் செய்யும் பட்டறையைத் தொடங்கினார். இந்த நாட்டில் அலுமினியப் பாத்திரத் தொழில் வேர்விட்ட இடங்களில் அந்தக் கலைப் பள்ளிக்கு முதல் மரியாதை உண்டு. நன்றாக ஓடிய பட்டறையைப் பிறகு தனியார் கம்பெனிக்கு விற்றார்கள். ஓவியக் கல்லூரிக்கும் தொழிற்சாலைக்கும் சம்பந்தம் இல்லை என்று யாராவது சொன்னால் எனக்கு அந்தப் பட்டறைதான் ஞாபகம் வரும். சம்பந்தம் தொடக்கத்திலேயே இருந்தது. தொழிலாளியைப் பற்றிய பேச்சுத்தான் வகுப்பில் இல்லை.

எங்களுக்குக் கோட்டைப் பற்றிச் சொல்லித் தந்தார்கள். எங்கே தடிக்க வேண்டும், எங்கே மெலிய வேண்டும், எங்கே விட்டுவிட வேண்டும். லைஃப் ஸ்டடிக்கு மணிக்கணக்கில் அசையாமல் உட்கார்ந்திருக்கும் பெரியவருடைய தோள்பட்டையின் சரிவை வரைந்து வரைந்து பழகினோம். அவருக்கு ஒரு நாளைக்கு என்ன கூலி என்று நாங்கள் கேட்டதில்லை. அவருடைய எலும்புகள் எங்களுக்கு அத்துப்படி. இன்றைக்கு என் வகுப்பில் நான் செய்கிற எல்லாவற்றுக்கும் அந்தக் கோட்டுப் பயிற்சிதான் அடித்தளம். அந்தக் கேட்காத கேள்வியும்தான்.

இனி அந்தச் சட்டைக்கு வருகிறேன்.

ஒரகடத்தை அடுத்த ஓர் அரசு உயர்நிலைப் பள்ளியில் பகுதிநேர ஓவிய ஆசிரியராக இருக்கிறேன். 2022-இல் ஒரு நாள், 'தினமும் நீங்க பார்க்குறது, ஆனா இதுவரைக்கும் வரைஞ்சு பார்க்காதது' என்று மட்டும் சொல்லித் தாளைக் கொடுத்தேன். பாதி வகுப்பு வழக்கம்போல இரண்டு மலையை எழுப்பி நடுவே சூரியனைக் கிளப்பிவிட்டது. இந்தப் பெண் மட்டும் விடிகாலை பஸ் ஸ்டாப்பை வரைந்திருந்தாள். இருட்டு நீங்காத வானம், கம்பெனி பஸ்ஸின் இரண்டு விளக்கு, டிபன் பையோடு நிற்கும் ஆட்கள். ஆட்களின் சட்டையில் இரண்டே நிறம்.

"ஏம்மா, இவங்களுக்கு மட்டும் நீலம், இவங்களுக்கு சாம்பல்? கலர் தீர்ந்துபோச்சா?"

"இல்ல சார். நீலம் பர்மனென்ட். சாம்பல் கான்ட்ராக்ட். எங்கப்பா சாம்பல்."

"ரெண்டு பேருக்கும் வேற வேற வேலையா?"

"ஒரே வேலைதான் சார். பக்கத்துல பக்கத்துல நின்னு செய்வாங்க."

அவ்வளவுதான், வகுப்பு திறந்துகொண்டது. எங்க அண்ணன் டிரெய்னி, அவனுக்குக் காலர் மட்டும் வேற கலர் சார். எங்க மாமாவோட டேக் கயிறு பச்சை, அதைப் பார்த்துத்தான் கேன்டீன்ல எந்த வரிசைன்னு சொல்லுவாங்க. அப்ரென்டிஸ்னா ஒரு வருஷம் கழிச்சு அனுப்பிடுவாங்க சார், அப்புறம் வேற கம்பெனியில மறுபடியும் அப்ரென்டிஸ். பன்னிரண்டு வயதுப் பிள்ளைகள். ஒப்பந்தத் தொழிலாளர் சட்டம் 1970-இல் வந்தது, ஒரே வகை வேலைக்கு ஒரே கூலி தர வேண்டும் என்று அதன் கீழ் மத்திய அரசு வகுத்த விதிகள் சொல்லின என்பதெல்லாம் எனக்குப் பின்னால் படித்துத்தான் தெரிந்தது. பிள்ளைகளுக்குச் சட்டம் தெரியாது, நிறம் தெரிந்திருந்தது. நிறத்தைப் பார்க்கக் கற்றுக்கொடுப்பதுதான் என் வேலை. அதில் அவர்கள் எனக்கு முன்னால் போய்க்கொண்டிருந்தார்கள்.

கடைசி வரிசையிலிருந்து ஒருவன் எழுந்தான். "சார், நீங்க பர்மனென்ட்டா, கான்ட்ராக்ட்டா?"

2012-இல் தமிழ்நாட்டு அரசுப் பள்ளிகளில் ஓவியம், உடற்கல்வி, தையல், இசை போன்ற பாடங்களுக்கு 16,549 பேர் பகுதிநேர ஆசிரியர்களாக நியமிக்கப்பட்டார்கள். வாரத்தில் மூன்று அரைநாள். தொடக்கத் தொகுப்பூதியம் மாதம் 5,000 ரூபாய். அந்தப் பையன் கேட்ட வருஷம் 10,000. பணி நிரந்தரம் கேட்டு நடக்கும் போராட்டச் செய்திகளைப் பேப்பர் படிக்கிறவர்கள் பார்த்திருப்பார்கள். இதையெல்லாம் அவனிடம் சொல்லவில்லை. "பகுதிநேரம்பா" என்றேன்.

"அப்போ நீங்களும் சாம்பல் சார்" என்றான். வகுப்பு சிரித்தது. நானும் சிரித்தேன். வகுப்பில் அரசியல் வேண்டுமா வேண்டாமா என்று அதற்குப் பிறகு நான் யோசித்ததே இல்லை. வரும்போதே அது உள்ளே உட்கார்ந்திருக்கிறது, வருகைப் பதிவேட்டில் என் பெயருக்கு எதிரிலும் சேர்த்து.

படம் நன்றாக வந்திருந்ததால் வராந்தா போர்டில் குத்திவைத்தேன். நான்கைந்து நாளில் அவள் அப்பா வந்தார். நைட் ஷிப்ட் முடித்து நேராக வந்திருந்தார், கையில் ஹெல்மெட்.

"சார், கோச்சிக்காதீங்க. படம் நல்லாத்தான் இருக்குது. ஆனா பார்த்தா நான்னு தெரியுதே. எங்க சூப்பர்வைசர் பையனும் இங்கதான் எட்டாவது படிக்குறான்."

மகள் அவருடைய முகத்தை அப்படியே பிடித்திருந்தாள். இடது புருவத்தில் இருந்த வெட்டுத் தழும்பு வரைக்கும் விடவில்லை. உருவ ஒற்றுமை கைகூடவில்லை என்று கல்லூரியில் நாங்கள் அழுதிருக்கிறோம். இங்கே கைகூடியதுதான் வம்பு. படத்தை உடனே எடுத்து அவர் கையில் கொடுத்தேன். அவர் வாங்கிக்கொள்ளவில்லை. "போட வேணாம்னு சொல்லல சார். மூஞ்சி மட்டும்..." என்று இழுத்தார்.

கலையில் துணிச்சல் வேண்டும் என்று மேடையில் பேசுகிறவர்கள் உண்டு. ஓவியருடைய துணிச்சல் ஓவியருடையது. விலையை அவரே கொடுப்பார். பள்ளிப் பிள்ளையின் படத்துக்கு விலை கொடுக்க வேண்டியவர் வீட்டில் இருக்கிறார், அவர் சாம்பல் சட்டை போட்டவர். கலைக் கல்வியில் சமூகப் பிரச்சினையைக் கொண்டுவருவது பற்றிய கட்டுரைகளில் இந்த இடம் விட்டுப்போகிறது. வெளியே காட்டுவதற்கு முன்னால், இதில் யார் முகம் இருக்கிறது, யார் பிழைப்பு இருக்கிறது என்று கேட்டுக்கொள்வது பென்சில் சீவுவதற்கும் முந்தைய பாடம்.

அந்தப் பெண் மறுபடியும் வரைந்தாள். இந்த முறை எல்லாரும் முதுகைக் காட்டி, பஸ்ஸைப் பார்த்து நின்றார்கள். நீலமும் சாம்பலும் முதுகுகளில் இன்னும் பட்டவர்த்தனமாகத் தெரிந்தன. பார்த்த ஆசிரியர்கள் எல்லாரும் இதுதான் முந்தையதைவிட நல்ல படம் என்றார்கள். அவளுக்கு மட்டும் சமாதானம் ஆகவில்லை. "மூஞ்சிதான் சார் நல்லா வந்திருந்துச்சு" என்றாள். அவள் சொன்னதும் சரிதான்.

அதிலிருந்து அச்சுப் படத்துக்குத் திரும்பினேன். அச்சுக்காகச் செதுக்கும் லினோலியம் வாங்கப் பள்ளியில் பணம் கிடையாது. எங்கள் பகுதியில் ஸ்கிராப் கடைக்குக் குறைவில்லை. பாகங்கள் வரும் பெட்டிகளுக்குள் வைத்து அனுப்பும் ஃபோம் ஷீட் எடைக்குக் கிடைக்கும். அதில் பால்பாயின்ட் பேனாவால் அழுத்தி வரைந்தால் கோடு பள்ளமாகப் பதியும். போஸ்டர் கலரைப் பூசினால் ஃபோமில் ஒட்டாமல் முத்து முத்தாகத் திரளும். ஒரு சொட்டு ஷாம்பு கலந்தால் பிடித்துக்கொள்ளும். தாளை மேலே வைத்துக் கரண்டியின் முதுகால் தேய்த்து எடுக்க வேண்டியதுதான். எழுத்து எழுதினால் கண்ணாடியில் தெரிவதுபோல் இடம் வலம் மாறி வரும் என்பதால் பிள்ளைகள் வாசகம் எழுதுவதைத் தாங்களாகவே விட்டார்கள். அது எனக்கு ரொம்ப வசதியாகப் போயிற்று. 'மரம் வளர்ப்போம்', 'உழைப்பே உயர்வு' என்று எழுதிவிட்டால், பிறகு படத்தை யாரும் பார்ப்பதில்லை, எழுத்தைப் படித்துவிட்டுப் போய்விடுகிறார்கள்.

அச்சில் இன்னொரு சௌகரியம், ஒரே படம் பத்துப் பேரிடம் இருக்கும். யார் வரைந்தது என்று கேட்டால் வகுப்பு வரைந்தது.

அந்த நாட்களில் பிள்ளைகளுக்கு சித்தபிரசாத் பற்றிச் சொன்னேன். 1943 வங்கப் பஞ்சத்தின்போது ஊர் ஊராக நடந்து, பசியில் கிடந்தவர்களை மையால் வரைந்தவர். அவர் வெளியிட்ட சிறு புத்தகத்தின் பிரதிகளைப் பிரிட்டிஷ் அரசு பறிமுதல் செய்து அழித்தது. பின்னாளில் குழந்தைத் தொழிலாளர்களைப் பற்றி லினோகட் வரிசை ஒன்று செய்தார். செருப்புக்குப் பாலிஷ் போடும் சிறுவன், வேலைக் களைப்பில் தெருவிலேயே தூங்கும் பிள்ளைகள். என் பிள்ளைகள் அந்தப் படங்களில் பரிதாபத்தைப் பார்க்கவில்லை. "வெள்ளையை எப்படி சார் விட்டாரு?" என்றுதான் கேட்டார்கள். கறுப்புக்குள் வெள்ளைக் கோட்டை எங்கே விடுவது என்பது அன்றைக்கு அவர்களுடைய அவசரப் பிரச்சினை. ஓவியனின் அரசியல் மாணவனுக்குள் இறங்கும் வழி இதுதான் என்று நினைக்கிறேன். முதலில் கை கேட்கிறது. கைக்குப் பதில் கிடைத்த பிறகு, அவர் ஏன் அந்தப் பையனை வரைந்தார் என்ற கேள்வி தானே வருகிறது.

அடுத்த வருஷம் சென்னைக்குச் சுற்றுலா போனபோது மெரினாவில் உழைப்பாளர் சிலை முன்னால் நோட்டைத் திறக்கச் சொன்னேன். தேவி பிரசாத் ராய் சௌத்ரி செய்தது. நான் படித்த கல்லூரிக்கு முதல் இந்தியத் தலைவராக இருந்தவர். குடியரசு தினத்துக்கு முந்தைய நாள், 1959 ஜனவரி 25-இல் திறந்த சிலை. சிங்காரவேலர் 1923-இல் நாட்டின் முதல் மே தினத்தைக் கொண்டாடிய கடற்கரையும் அதுதான். கல்லூரிக் காவலாளி ஒருவரை நிறுத்தி வைத்துத்தான் அந்த உடம்புகளைப் பிடித்தார் என்று எங்கள் சீனியர்கள் கதை சொல்வார்கள். நான்கு ஆண்கள், ஒரு பாறை, நெம்புகோல். முதுகுத் தசையின் முறுக்கைப் பாருங்கள், பாரம் எந்தக் காலில் இறங்குகிறது பாருங்கள் என்று நான் பாட்டுக்குப் பேசிக்கொண்டிருந்தேன்.

சட்டை வரைந்த அதே பெண் கேட்டாள்: "சார், இதுல பொம்பளயே இல்லையே?"

நான் கல்லூரிக் காலத்தில் அந்தச் சிலையை எத்தனையோ கோணத்தில் வரைந்திருக்கிறேன். அந்தக் கோணம் தட்டுப்படவில்லை. அவளுக்குத் தட்டுப்பட்டதற்குக் காரணம் உண்டு. அவளுக்குத் தெரிந்த உழைப்பாளர்களில் பாதிப் பேர் பெண்கள். நோக்கியா ஆலை 2014 நவம்பரில் மூடும்வரை அதன் அசெம்பிளி வரிசைகளில் பெரும்பாலும் பெண்கள்தான் நின்றார்கள். எங்கள் பகுதியில் இன்றைக்கும் செல்போன் கம்பெனி பஸ் என்றால் அதில் ஜன்னலுக்கு ஜன்னல் பெண் பிள்ளைகள், தென்மாவட்டங்களிலிருந்தும் வெளிமாநிலங்களிலிருந்தும் வந்து ஹாஸ்டலில் தங்கியிருக்கிறவர்கள். 2021 டிசம்பரில் ஹாஸ்டல் சாப்பாட்டால் நூற்றுக்கும் மேற்பட்டவர்கள் ஆஸ்பத்திரியில் சேர, ஃபாக்ஸ்கான் ஆலையின் பெண் தொழிலாளர்கள் ராத்திரியோடு ராத்திரியாகச் சென்னை–பெங்களூரு நெடுஞ்சாலையில் உட்கார்ந்தார்கள். மறுநாள் எங்கள் பிள்ளைகள் பலர் அந்த டிராஃபிக்கில்தான் மாட்டிக்கொண்டார்கள்.

ஊருக்குத் திரும்பியதும் 'பாறைக்குப் பதிலா என்ன?' என்று வகுப்பே பேசத் தொடங்கியது. செல்போன் செய்கிறவர் எதைத் தள்ளுகிறார்? அங்கே பாரமே இல்லையே, கையளவு பொருள்தானே? ஒருத்தி சொன்னாள்: "எங்கக்காவுக்குக் காலுதான் சார் வலி. எட்டு மணி நேரம் நின்னுக்கிட்டே." அப்புறம் எல்லாரும் காலை வரையத் தொடங்கினார்கள். ஷூ கழற்றிய கால், வெந்நீர் பக்கெட்டில் வைத்த கால், பஸ் படிக்கட்டில் ஏறும் கால். ராய் சௌத்ரியின் சிலையில் உழைப்பு தசையில் தெரிகிறது. அசெம்பிளி வரிசையில் அது நரம்பிலும் கணுக்காலிலும் போய் ஒளிந்துகொள்கிறது. உழைப்பின் வடிவம் மாறினால் ஓவியனின் பார்வை எங்கே போக வேண்டும் என்பது கலை வரலாற்றில் பெரிய கேள்வி. ஒரு டஜன் கால் படங்களில் பிள்ளைகள் அதற்குப் பதில் எழுதி முடித்தார்கள்.

எங்கள் பகுதியை 'இந்தியாவின் டெட்ராய்ட்' என்று பத்திரிகைகள் எழுதும். சரி, அசல் டெட்ராய்ட்டைப் பார்த்துவிடலாமே என்று ஸ்மார்ட் கிளாஸ் திரையில் தியேகோ ரிவேராவின் சுவரோவியங்களைப் போட்டுக் காட்டினேன். மெக்சிகோக்காரர், கம்யூனிஸ்ட். 1932, 33-இல் டெட்ராய்ட் கலைக்கூடத்தின் சுவர்களில் 27 பகுதிகளாக ஃபோர்டு ஆலையை வரைந்தார். பணம் கொடுத்தவர் எட்செல் ஃபோர்டு, கம்பெனித் தலைவர். ரிவேரா அந்த ஊருக்கு வந்து சேர்வதற்குச் சில வாரங்களுக்கு முன்னால்தான், 1932 மார்ச் 7-இல், வேலை கேட்டு அதே ஃபோர்டு ஆலைக்கு ஊர்வலம் போனவர்கள் மீது துப்பாக்கிச் சூடு நடந்து நான்கு பேர் அங்கேயே இறந்திருந்தார்கள். ஓவியம் திறந்ததும் சுண்ணாம்பு அடித்து மூடு என்று மத குருமார்களும் பத்திரிகைகளும் கத்தின. எட்செல் ஃபோர்டு மூடவில்லை. இதே ரிவேரா நியூயார்க் ராக்ஃபெல்லர் சென்டரில் லெனின் முகத்தை வரைந்தபோது அங்கே பணம் கொடுத்தவர்கள் 1934-இல் அந்தச் சுவரோவியத்தையே உடைத்துப்போட்டார்கள்.

"ரெண்டுமே முதலாளி காசுதானே சார், ஒருத்தர் மட்டும் ஏன் விட்டாரு?" என்றான் ஒருவன். நல்ல கேள்வி. ஃபோர்டு சுவரில் தலைவர் முகம் எதுவும் வம்புக்கு நிற்கவில்லை, வேலை செய்கிறவர்கள்தான் இருந்தார்கள் என்று ஒரு பதில் சொல்லலாம். இயந்திரத்தை அவ்வளவு அழகாக வரைந்ததும் ஒரு காரணமாக இருக்கலாம். வகுப்பு இரண்டையும் ஏற்கவில்லை. அதற்குள் வேறொருவன் தெற்குச் சுவரின் ஓரத்தில் ஆலையைச் சுற்றிப் பார்க்க வந்து நிற்கும் கோட்டு சூட்டுக் கும்பலைக் கண்டுபிடித்துவிட்டான். வேலை நடக்கிறது, அவர்கள் முகத்தில் அலுப்பு. "சார், இவங்கதான் நம்ம ஸ்கூலுக்கு கிஃப்ட் குடுக்க வருவாங்க" என்றான். அந்த வாரம் பள்ளிக்கு அப்படி ஒரு குழு வரவிருந்தது. தலைமையாசிரியர் என்னைப் பார்த்த பார்வையை நான் வரைந்து வைத்திருக்க வேண்டும்.

அவரைக் குறை சொல்ல மாட்டேன். கம்பெனிகள் கட்டித் தந்த கழிப்பறையும் பெஞ்சும் எங்கள் பகுதிப் பள்ளிகளில் இருக்கின்றன. அவை தேவையான கழிப்பறைகள். பிள்ளைகளில் பெரும்பாலானவர்கள் அந்தக் கம்பெனிகளில் வேலைக்குப் போகத்தான் ஆசைப்படுகிறார்கள். அவர்கள் வீட்டுக் கூரை ஓலையிலிருந்து கான்கிரீட்டுக்கு மாறியதே அந்தச் சம்பளத்தில்தான். இதை மறைத்துவிட்டு 'சுரண்டல்' என்று ஒரு தலைப்பைக் கொடுத்து வரையச் சொன்னால், பூமிக்கு ஐஸ் பை கட்டிய அதே வேகத்தில் முதலாளிக்குக் கொம்பு வைத்துக் கொடுத்துவிடுவார்கள். இரண்டுக்கும் எனக்கு வித்தியாசம் தெரியவில்லை. இரண்டிலும் பிள்ளை எதையும் பார்க்கவில்லை.

2024 செப்டம்பர் 9-இல் சுங்குவார்சத்திரம் சாம்சங் ஆலையில் வேலைநிறுத்தம் தொடங்கியது. தங்கள் சங்கத்தை அங்கீகரிக்க வேண்டும், ஊதியத்தை உயர்த்த வேண்டும் என்று ஆயிரத்துக்கும் மேற்பட்டவர்கள் எச்சூர் பக்கத்தில் பந்தல் போட்டு உட்கார்ந்தார்கள். காலாண்டு விடுமுறை முடிந்து பள்ளி திறந்தபோதும் அது நடந்துகொண்டிருந்தது. தலைமையாசிரியர் என்னைத் தனியாகக் கூப்பிட்டார். "வரைய வேணாம்னு சொல்லல. பேனர் ஆயிடக் கூடாது, அவ்வளவுதான்." அதில் எனக்கும் உடன்பாடுதான்.

அந்த வாரப் பயிற்சி: 'மேலே ஒரு கூரை, கீழே காத்திருப்பவர்கள்.' வேறொன்றும் சொல்லவில்லை. பஸ் ஷெல்டர் வந்தது, ஆஸ்பத்திரி வராந்தா வந்தது, ரேஷன் கடை வந்தது. ஒருவன் பந்தலை வரைந்திருந்தான். அவன் அப்பா அங்கே உட்கார்ந்திருந்தார். தண்ணீர் கேன், கயிற்றில் தொங்கும் மின்விசிறி, கடைசி வரிசையில் சுருண்டு தூங்கும் ஒருவர். இன்னொருவன் வேப்ப மரத்தடியில் தார்ப்பாய் போட்டு மூடிய வேனை வரைந்திருந்தான். அவன் அப்பா ஆட்களை ஏற்றி இறக்குகிற ஒப்பந்த வேன் ஓட்டுநர். "டிரிப்பே இல்ல சார். டியூ கட்டணும்."

இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் ஒட்டினேன். சண்டை வந்தது. "உங்கப்பாவாலதான் எங்க வண்டி நிக்குது." "உங்கப்பாவுக்கு சங்கம் இருந்திருந்தா டியூவுக்கு அழுவாரா?" பெண்கள் பக்கத்தில் ஒருத்தி, சங்கம் என்றால் மகளிர் குழு மாதிரியா என்று கேட்டாள். ஒடிசாவிலிருந்து வந்து சேர்ந்த பையன், தமிழ் இன்னும் சரியாகப் பிடிபடாதவன், இரண்டு படத்தையும் மாறி மாறிப் பார்த்துவிட்டு எழுந்துபோய், வேன் படத்தில் தார்ப்பாயின் மேல் விழுந்து கிடக்கும் வேப்பம்பூக்களைத் தொட்டுக் காட்டி, "எவ்வளவு நாள் நிக்குது!" என்றான். பூ எவ்வளவு சேர்ந்திருக்கிறது என்பதை வைத்து நாளைக் கணக்குப் போட்டிருந்தான். அக்டோபரில் ஏது வேப்பம்பூ என்று ஒரு சண்டை கிளம்பியது. பழுத்த இலையாக மாற்றிக்கொள்கிறேன் என்று வேன்காரப் பையன் ஒப்புக்கொண்டான். மற்ற சண்டை முடியவில்லை. மணி அடித்தது.

அந்த வாரத்தில்தான் போலீஸ் பந்தலைப் பிரித்தது. அக்டோபர் 15-இல் பேச்சுவார்த்தையில் வேலைநிறுத்தம் முடிந்தது. சங்கம் 2025 ஜனவரியில் பதிவானது. பந்தலும் வேனும் பக்கத்தில் பக்கத்தில் நாள்கணக்காக வகுப்புச் சுவரில் இருந்தன, பெயர் போடாமல். பேனர் பந்தலை மட்டும் காட்டியிருக்கும். நிர்வாகத்தின் அறிக்கை வேனை மட்டும் காட்டியிருக்கும். என் வகுப்பால் இரண்டையும் ஒரே சுவரில் வைக்க முடிந்தது. நான் எந்தப் பக்கம் என்று பிள்ளைகள் கேட்டார்கள். சங்கம் வைப்பது தொழிலாளியின் உரிமை, அது சட்டத்தில் இருக்கிறது என்று சொன்னேன். வேன் ஓட்டுநரின் டியூவுக்கு என்ன பதில் என்று கேட்டார்கள். என்னிடம் பதில் இல்லை. அதையும் சொன்னேன்.

இப்போது என்னிடம் யோசனை கேட்டு இளம் ஓவிய ஆசிரியர்கள் வருகிறார்கள். ஓவிய வகுப்பில் சாதியைப் பேசலாமா, பரந்தூர் விமான நிலையத்தைப் பேசலாமா, ஏரியில் கலக்கும் சாயத்தைப் பேசலாமா? எந்தப் படத்தைக் காட்டுவது, எந்த வயதில் தொடங்குவது, தலைமையாசிரியரை எப்படிச் சமாளிப்பது? நல்ல பிள்ளைகள், நிறையப் படித்துவிட்டு வருகிறார்கள். நான் முதலில் கேட்பது வேறு கேள்வி: உங்கள் டைம் டேபிளில் ஓவியப் பீரியட் இருக்கிறதா? இருந்தால், பத்தாம் வகுப்புக்கு ஜனவரியில் அது யாரிடம் இருக்கும்? கணக்கு ஆசிரியரிடம். தாளுக்குப் பணம் எங்கிருந்து வருகிறது? போட்டி நடத்தும் கம்பெனி மிச்சம் வைத்துவிட்டுப் போனதிலிருந்து. வகுப்பெடுக்கும் உங்களுடைய பணி ஆணையில் என்ன எழுதியிருக்கிறது?

எந்தப் பிரச்சினையை வரையலாம் என்று கேட்கிறவர்கள் இதிலிருந்து தொடங்கினால் நல்லது. அரசியலை வெளியிலிருந்து சுமந்துகொண்டு வர வேண்டியதில்லை. யாருக்கு ஓவியம் உபரிப் பாடம், யாருக்கு அது கட்டணம் கட்டிக் கற்கும் சனிக்கிழமை வகுப்பு என்பதைத் தீர்மானித்ததும் அரசியல்தான். எங்கள் பள்ளியில் இந்த வருஷம் ஒன்பதாம் வகுப்புக்கு வாரம் இரண்டு பீரியட் கேட்டு எழுதிக் கொடுத்திருக்கிறேன். ஒன்று கிடைத்திருக்கிறது, வெள்ளிக்கிழமை கடைசி மணி. கணக்கு ஆசிரியர் அதையும் ஒருமுறை கேட்டுப் பார்த்துவிட்டார். தர முடியாது என்று சொல்லிவிட்டேன்.